லேப்டாப் யார் கையில் இருக்கிறது?

ரோபோடிக்ஸ் கிளப் தொடங்க வேண்டும் என்று பள்ளிகளிலிருந்து அழைக்கும்போது, பேச்சு நேராக கிட்டுக்கு, அதாவது ரோபோ செய்யும் உதிரிப்பொருள் தொகுப்புக்குப் போய்விடும். ரோபோவை இயக்கும் போர்டு அர்டுயினோவா, மைக்ரோபிட்டா, எத்தனை வாங்கலாம்? நான் முதலில் கேட்பது வேறு: ஒரு கிட்டுக்கு எத்தனை பிள்ளைகள், லேப்டாப் யார் கையில் இருக்கப்போகிறது?

காரணம் இருக்கிறது. நான் வகுப்பெடுத்த ஒரு பள்ளியில் ஆறு பேர் சேர்ந்து லைன் ஃபாலோயர், அதாவது தரையில் உள்ள கோட்டைப் பிடித்து ஓடும் ரோபோ செய்தார்கள். முதல் நாள் லேப்டாப் முன்னால் உட்கார்ந்த பையன் மூன்றாம் மாதமும் அங்கேயே இருந்தான். இரண்டு பேர் வயர் இணைத்தார்கள், ஒருவன் வேடிக்கை பார்த்தான், இரண்டு பெண் பிள்ளைகள் சார்ட் எழுதினார்கள். ரோபோ நன்றாகவே ஓடியது. கண்காட்சி அன்று அந்தப் பையனுக்குக் காய்ச்சல். புரோகிராமை போர்டில் ஏற்றக்கூட மற்ற ஐந்து பேருக்கும் தெரியவில்லை. அது பிள்ளைகளின் தவறே இல்லை. ஒரே மேசையில் உட்கார வைத்தால் குழுவாகிவிடுவார்கள் என்று நினைத்தது நான்.

இப்போது ஒரு கிட்டுக்கு நான்கு பேர்தான். புரோகிராம், வயரிங், சோதனை ஓட்டம், நோட்டு என்று நான்கு வேலைகள். ஒவ்வொரு வகுப்பிலும் வேலை மாறும். லேப்டாப்பில் இருப்பவர் தட்டச்சு மட்டும் செய்வார், என்ன எழுத வேண்டும் என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இருவரும் இடம் மாறுவார்கள். வேகமான பிள்ளைக்கு இது முதலில் எரிச்சலாக இருக்கும். "நானே பண்ணிடறேன் சார்" என்பான். விட்டுவிடக் கூடாது.

நான்கில் நோட்டு வேலையைத்தான் எல்லோரும் சாதாரணமாக நினைக்கிறார்கள். ஒருமுறை மோட்டார் டிரைவரில் (போர்டு சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) ஒரு மோட்டாரின் இரண்டு வயர்களை ஒரு மாணவி கழற்றி மாட்டினாள். இடம் மாறிவிட்டது, அந்தச் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. புரோகிராம் எழுதியவன் முக்கால் மணி நேரம் தன் வரிகளிலேயே பிழையைத் தேடினான். அதற்கு அப்புறம் எதை மாற்றினாலும், எதற்காக மாற்றினோம் என்பதோடு நோட்டில் ஒரு வரி எழுதியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். வகுப்பின் கடைசி பத்து நிமிடம் அடுத்தவரிடம் வேலையை ஒப்படைப்பதற்கு. அந்த நேரத்தை வேறு எதற்கும் கொடுப்பதில்லை.

சண்டை வரும், வரட்டும். மாலையில் ஒழுங்காகக் கோட்டைப் பிடித்து ஓடிய ரோபோ, மறுநாள் காலை ஜன்னலோரம் வைத்ததும் தடுமாறும். ரோபோ கோட்டை அறிவது அகச்சிவப்புக் கதிரை உணரும் ஐ.ஆர். சென்சாரால்; வெயிலிலும் அந்தக் கதிர் இருப்பதால் அது குழம்பிவிடுகிறது. ஆனால் பிள்ளைகள் உடனே வயர் இணைத்தவரைத்தான் குற்றம் சொல்வார்கள். அப்போது ஆசிரியர் போய்ச் சரிசெய்து கொடுத்தால் எல்லாம் வீண். நான் இரண்டு கேள்வி மட்டும் கேட்பேன். கடைசியாக எப்போது ஒழுங்காக ஓடியது? அதற்குப் பிறகு என்னென்ன மாறியது? நோட்டைத் திறப்பார்கள். 'யார் செய்தது' என்பது 'என்ன ஆனது' என்று மாறும்.

இன்னொரு வருத்தம். நிதி ஆயோக்கின் அடல் இன்னோவேஷன் மிஷன் மூலம், 6 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கென அடல் டிங்கரிங் லேப்கள், அதாவது பிள்ளைகள் கையால் செய்து பார்க்கும் கூடங்கள் வந்தன. அப்படிப்பட்ட லேப்களை, பொருள் உடைந்துவிடும் என்று பூட்டியே வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மோட்டார் உடையத்தான் செய்யும். உதிரி மோட்டாருக்கும் ஜம்பர் வயருக்கும் (பாகங்களை இணைக்கும் சிறு வயர்) முதலிலேயே பணம் ஒதுக்கிவிடுங்கள்.

போட்டிகளுக்கு அவசரம் வேண்டாம். வேர்ல்டு ரோபோட் ஒலிம்பியாடில் ஓர் அணிக்கு இரண்டு அல்லது மூன்று பேர்தான். முதல் மாதத்திலேயே கெட்டிக்காரர்கள் மூவரைப் பொறுக்கி எடுத்தால், மற்றவர்கள் மெல்ல வராமல் போய்விடுவார்கள். ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியின் சேலஞ்ச் பிரிவில் ஓர் அணியில் பத்து பேர் வரை சேரலாம், ரோபோ ஆட்டம் இரண்டரை நிமிடம். குழு எப்படிச் சேர்ந்து உழைத்தது என்பதையும் நடுவர்கள் மதிப்பிடுகிறார்கள். புதிய கிளப்புக்கு இந்த வகைதான் பொருந்தும் என்பது என் எண்ணம், அதுவும் ஆண்டின் பிற்பாதியில்.

பருவ முடிவில் நான் வேகத்துக்குப் பரிசு கொடுப்பதில்லை. சீட்டுக் குலுக்குவோம். யார் பெயர் வருகிறதோ, அவர் அன்று தான் செய்யாத வேலையை விளக்க வேண்டும். சீட்டு உண்டு என்று சொன்ன வாரத்திலேயே, மதிய உணவு நேரத்தில் வராந்தாவில் பிரெட்போர்டை (வயர்களைச் செருகிச் சுற்று அமைக்கும் துளைப்பலகை) வைத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.