திருவிழாவைத் தொட முடியாதா? 'வழக்காற்று மரபுரிமை' என்ற சொல்லுக்காக

உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில் சலூர், டுங்ரா என்று இரட்டை ஊர்கள் உள்ளன. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் அங்கே ரம்மாண் என்ற திருவிழா நடக்கிறது. ஊர்த்தெய்வம் பூமியால் தேவ்தாவுக்கு எடுக்கும் விழா அது. ராமகதையின் ஒரு வடிவத்தைப் பாடுவார்கள், முகமூடி கட்டி ஆடுவார்கள், செலவை வீட்டுக்கு வீடு வரி போட்டு ஊரே ஏற்கும். 2009இல் யுனெஸ்கோ இதைத் தன் பட்டியல் ஒன்றில் சேர்த்தது. கொல்கத்தாவின் துர்கா பூஜை 2021இலும் குஜராத்தின் கர்பா நடனம் 2023இலும் அதே பட்டியலுக்கு வந்தன. ஒவ்வொரு முறையும் தமிழ்ச் செய்திகளிலும், அப்புறம் போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும், அந்தப் பட்டியலின் பெயர் 'தொட்டுணர முடியாத கலாச்சார பாரம்பரியம்' என்றே வருகிறது. பல ஆண்டுகளாகப் படித்துச் சலித்துவிட்டது. அந்தச் சொல் தவறு என்று இனியாவது சொல்லியாக வேண்டும்.

முதலில் மூலத்தைப் பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் 'இன்டேஞ்சிபிள்'. லத்தீனில் 'தாங்கெரே' என்றால் தொடுதல். அதற்கு எதிர்மறை முன்னொட்டு. அகராதியைத் திறந்தவர் 'தொட முடியாத' என்று கண்டு அங்கேயே மூடிவிட்டார். ஆனால் இந்தக் கருத்து ஆங்கிலத்தில் பிறந்ததே இல்லை. ஜப்பான் 1950இல் இயற்றிய பண்பாட்டுச் செல்வப் பாதுகாப்புச் சட்டத்தில் 'முகெய்' என்ற சொல் இருக்கிறது. 'உருவம் இல்லாத' என்று பொருள். 1962இல் கொரியாவும் அதே இரண்டு சீன எழுத்துகளைத் தன் ஒலிப்பில் வைத்துச் சட்டம் செய்தது. பிரெஞ்சில் 'பருப்பொருள் அல்லாத' என்கிறார்கள். இந்தியில் 'அமூர்த்', அதாவது வடிவமற்றது. தொடுவதைப் பற்றி இவர்கள் யாரும் பேசவில்லை. ஆங்கிலத்தில் எடுத்த ஒரு சொல்லை நாம்தான் எழுத்தெண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

கோயில், கோட்டை, காடு போன்றவற்றைக் காக்க 1972இல் யுனெஸ்கோவின் ஓர் உடன்படிக்கை வந்தது. பாட்டும் கூத்தும் கைத்தொழிலும் விழாவும் அதில் அடங்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க, 2003 அக்டோபர் 17 அன்று பாரிஸில் இன்னொரு உடன்படிக்கை ஏற்கப்பட்டது. 2006இல் நடைமுறைக்கு வந்தது. அதன் இரண்டாம் பிரிவுதான் நம் வழக்குக்கு முதல் சாட்சி. சமூகங்கள் தம் பண்பாட்டு மரபாக ஏற்கும் பழக்கங்கள், வெளிப்பாடுகள், அறிவு, திறன் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, அவற்றோடு சேர்ந்த கருவிகள், பொருள்கள், கைவினைகள், இடங்கள் ஆகியவற்றையும் அது சேர்த்தே சொல்கிறது. கருவியும் பொருளும் தொட முடியாதவையா?

துர்கா பூஜையையே எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவில் சிலை செய்பவர்கள் வாழும் குமார்துலியில் வைக்கோலைக் கட்டி, களிமண்ணைப் பிசைந்து அப்பி, காய்ந்ததும் வண்ணம் தீட்டி துர்கைக்குக் கண் திறக்கிறார்கள். கடைசி நாளில் தோளில் சுமந்துபோய் ஆற்றில் விடுகிறார்கள். தொடுதலில் தொடங்கித் தொடுதலில் முடிகிற விழா இது. பஞ்சாபின் ஜண்டியாலா குருவில் தட்டேரா மக்கள் பித்தளையையும் செம்பையும் சுத்தியலால் அடித்துப் பாத்திரம் செய்யும் தொழில் 2014இல் அதே பட்டியலில் சேர்ந்தது. அடுப்படியில் புழங்கும் பாத்திரத்துக்குப் பக்கத்தில் 'தொட்டுணர முடியாத' என்று எழுத எப்படிக் கை வருகிறது? தென்கொரியாவின் கங்னுங் நகரில் நடக்கும் தானோ விழாவுக்கு மக்கள் தம் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அதில் சாமிக்கான மதுவைக் காய்ச்சுவதில்தான் விழாவே தொடங்குகிறது.

இதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. தமிழில் 'தொட முடியாத' என்ற சேர்க்கை சும்மா கிடக்கும் சொல் இல்லை. தொடக் கூடாது, தீண்டக் கூடாது என்று மனிதர்களைத் தள்ளிவைத்த வரலாறு அதற்குள் இருக்கிறது. நாட்டார் கலைகள் பலவற்றைக் காத்து வந்தவர்கள் அப்படித் தள்ளிவைக்கப்பட்டவர்களே. ரம்மாணில் தோல்கருவி வாசிக்கும் தாஸ் சமூகத்தாரும் சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்டவர்கள். விழா நாளில் அவர்கள் அடி இல்லாமல் ஓர் ஆட்டமும் நகராது. அவர்களுடைய கலைக்கு 'தொட்டு' என்று தொடங்கி 'முடியாத' என்று தொடரும் பெயரைச் சூட்டுவது எனக்கு ஒப்பவில்லை. மொழிபெயர்த்தவர் மனத்தில் அது இருந்திருக்காது. ஆனாலும் சொல்லைத் தேர்கிறவர் அது காதில் எப்படி விழும் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மாற்றாக வரும் சொற்களில் 'புலப்படா மரபு' இன்னும் மோசம். மலை தாண்டிக் கேட்கும் முழவோசை எந்தப் புலனுக்குப் படவில்லையாம்? 'பொருள்சாரா மரபு' பிரெஞ்சுச் சொல்லுக்கு நெருக்கம்தான். ஆனால் தமிழில் பொருள் என்றால் செல்வம், அர்த்தம் எல்லாம் வந்துவிடும். விரைவாகப் படிப்பவர் அர்த்தமில்லாத மரபு என்று எண்ணிக்கொள்வார்.

'அருவ மரபு' என்பதை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. 'முகெய்' என்ற மூலக் கருத்துக்கு அது நேர். சுருக்கமாகவும் இருக்கிறது. இன்று அச்சில் இருப்பவற்றில் அதுவே மேல். இருந்தாலும் அருவம் சைவ சித்தாந்தத்தில் ஊறிய சொல். உருவம், அருவம், அருவுருவம் என்று மூன்று நிலைகளைச் சொல்லி, லிங்கத்தை அருவுருவம் என்பார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் முகமூடியும் முழவும் தெய்வமும் பாட்டும் கலந்த ரம்மாண் அருவுருவமே. அருவம் என்று சொல்வது பாதியை வெட்டுகிறது. அருவுருவம் என்று எழுதினால் ஒவ்வொரு முறையும் விளக்கவுரை தேவைப்படும்.

இந்தச் சொற்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஒரு திருவிழா எது இல்லை என்று சொல்கின்றனவே தவிர, அது என்ன என்று எதுவும் சொல்லவில்லை. அது என்ன என்பதற்குத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது: வழக்காறு. வழக்கு என்பது மக்கள் வழங்கி வருவது. ஆறு என்பது வழி. தலைமுறைகள் நடந்து நடந்து படிந்த வழி. தொல்காப்பியப் பாயிரம் 'வழக்கும் செய்யுளும்' என்று இரண்டையும் மொழிக்கு அடிப்படையாக வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். நாட்டார் வழக்காற்றியல் என்ற பெயரில் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் ஒரு துறையே இயங்கி வந்திருக்கிறது. துறை சார்ந்தவர்கள் பழக்கிவைத்த சொல்லைக் கண்டுகொள்ளாமல், அகராதியைப் புரட்டிப் புதிதாக ஒன்றைக் கட்டுவது சோம்பலன்றி வேறில்லை.

பாரம்பரியம் என்பதற்கு மரபுரிமை. இலங்கைத் தமிழர் இதை நெடுநாளாக எழுதி வருகிறார்கள். நாம் தயங்குவதற்குக் காரணமே இல்லை. ஆக, வழக்காற்று மரபுரிமை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். வழக்கு என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வராதா என்பது முதலாவது. பேச்சு வழக்கு, வழக்கம், வழக்கொழிந்த சொல் என்று தினமும் சொல்கிறோமே, எந்த நீதிபதி நினைவுக்கு வருகிறார்? இரண்டாவது மறுப்பு கனமானது. உரிமை என்றால் 'எனக்கு மட்டும் சொந்தம்' என்று ஆகிவிடாதா? கங்னுங் விழாவை 2005இல் யுனெஸ்கோ சிறப்பித்தபோது சீனாவில் இப்படித்தான் எண்ணிக் கொதித்தார்கள். கங்னுங் விழாவுக்குரிய ஐந்தாம் சந்திர மாதத்தின் ஐந்தாம் நாள் அவர்களுக்கும் பண்டிகை. கொரியா அதைப் பறித்துக்கொண்டது என்று குமுறினார்கள். 2009இல் அந்த நாளுக்குரிய சீனாவின் படகுத் திருவிழாவும் பட்டியலில் ஏறியது. இரண்டும் இன்று ஒரே பட்டியலில் இருக்கின்றன. அது சொத்துப் பத்திரமாக இருந்தால் அப்படி இருக்க முடியுமா? தமிழில் உரிமை பத்திரத்தோடு மட்டும் நிற்கும் சொல் இல்லை. உரிமையோடு கேட்டான், உரிமையோடு கண்டித்தாள் என்கிறோம். அங்கே உரிமை என்பது உறவு. எந்த மக்கள் ஒரு விழாவைத் தம்முடையது என்று ஏற்கிறார்களோ அவர்களை வைத்தே உடன்படிக்கை மரபை வரையறுக்கிறது. பூமியால் தேவ்தாவை ஓராண்டு தம் வீட்டில் வைத்துக் கட்டுப்பாட்டோடு இருக்கும் சலூர்க் குடும்பத்துக்கும் அந்தத் தெய்வத்துக்கும் இடையில் இருப்பதும் இந்த உறவே.

'வாழும் மரபு' என்று எழுதலாமே என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. தலைப்புக்கு அழகாக இருக்கும். ஆனால் அவசரமாகக் காக்க வேண்டியவை என்று யுனெஸ்கோ வேறொரு பட்டியலும் வைத்திருக்கிறது. மூச்சிரைக்கும் ஒரு கலையை அதில் சேர்த்துவிட்டு 'வாழும்' என்று அடைமொழி கொடுப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

சொல் ஒன்றைத் திருத்தினால் பக்கத்தில் நிற்பவையும் கண்ணில் படுகின்றன. துர்கா பூஜை 'பாரம்பரியச் சின்னமாக' அறிவிக்கப்பட்டதாக எழுதினார்கள். சின்னம் என்பது 1972 உடன்படிக்கையின் கோயிலுக்கும் கோட்டைக்கும் பொருந்தும். நடந்து முடிந்து அடுத்த ஆண்டு மறுபடி நடக்கும் விழா எப்படிச் சின்னமாகும்? 2003 உடன்படிக்கை கேட்பதும் பூட்டிவைக்கும் பாதுகாப்பை அல்ல. ஒரு மரபு தொடர்ந்து நடக்கத் தேவையானதைச் செய்வதை. ஆவணப்படுத்துவது, ஆய்வது, இளையவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது எல்லாம் அதில் அடக்கம். அதற்குப் பேணுதல் என்ற சொல் இருக்கிறது. 'தற்காத்துத் தற்கொண்டாற் பேணி' என்று வள்ளுவர் ஒரே குறளில் காத்தலையும் பேணுதலையும் தனித்தனியாக ஆண்டிருக்கிறார். அருங்காட்சியகத்தில் ரம்மாண் முகமூடியைக் கண்ணாடிக்குள் வைத்தால் அது காத்தல். ஆடுவதற்கு அடுத்த தலைமுறைப் பையனைப் பழக்கினால் அது பேணுதல்.

'திருவிழாவை ஊக்குவித்தல்' என்று அரசுக் குறிப்புகளில் வருவதையும் விட்டுவிடலாம். ஊக்கம் மனிதருக்குக் கொடுப்பது. ஆடுபவரை ஊக்குவியுங்கள், முழவு செய்பவரை ஊக்குவியுங்கள். விழாவைப் பற்றி எழுதும்போது, பலர் அறியச் செய்தல் என்றோ பரப்புதல் என்றோ எழுதினால் போதும், எல்லோருக்கும் விளங்கும்.