பிரௌனி குண்டா, முடிதான் புசுபுசுவா?

திருநெல்வேலி பெருமாள்புரத்திலிருந்து ஒரு அக்கா போன் செய்தார்கள். மகன் ஆசைப்பட்டு வாங்கிய காக்கர் ஸ்பானியல். வேலை கிடைத்து அவன் வெளிநாடு போனதும் நாய் அம்மாவோடு தங்கிவிட்டது. வயது ஐந்து, பெயர் பிரௌனி.

"தம்பி, வீடியோ கால்ல பாத்துட்டு நாய் குண்டாயிட்டுன்னு மகன் சத்தம் போடுதான். எனக்கென்னமோ முடிதான் புசுபுசுன்னு இருக்குன்னு தோணுது. எலும்பும் பெருசு பாத்துக்கிடுங்க. இத எப்படிக் கண்டுபிடிக்கது?"

தெருமுனை மளிகைக் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றிப் பார்த்தாராம். 17 கிலோ. காக்கர் ஸ்பானியல் 13 முதல் 14.5 கிலோ வரை இருக்கலாம் என்று மகன் சொல்லியிருக்கிறான். இங்கிலீஷ் காக்கருக்கு அந்தக் கணக்கு சரிதான். ஆனால் ஸ்பானியல் என்பது ஒரு பெரிய குடும்பம். கேவலியர் ஸ்பானியல் 8 கிலோவைத் தாண்டினாலே அதிகம். ஸ்பிரிங்கர் ஸ்பானியல் 20 கிலோ இருந்தாலும் கேள்வி கேட்க முடியாது. ஒரே இனத்துக்குள்ளும் உயரமானது, குட்டையானது என்று உண்டு. எலும்பு பெரிது என்று அக்கா சொல்வதை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. எது எலும்பு, எது தசை, எது கொழுப்பு என்று தராசு பிரித்துச் சொல்லப்போவதில்லை.

சரி, கண்ணால் பார்க்கலாமென்றால் நம் ஊர்க் கண்ணுக்கு இரண்டு கோளாறு. கோவில்பட்டிக் கரிசல் பக்கம் கன்னியும் சிப்பிப்பாறையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். முயலை விரட்டிப் பிடிக்கிற வேட்டை நாய்கள் அவை. வயிறு ஒட்டி, விலா எலும்பு நாலைந்து வெளியே தெரிந்தால்தான் அதற்கு அழகு, ஆரோக்கியமும் அதுவே. அதே கண்ணோடு ஸ்பானியலைப் பார்த்தால் எல்லா ஸ்பானியலும் குண்டுதான். மாறாக, நாய் என்றால் கொழுகொழுவென்று இருக்க வேண்டும் என்று நினைக்கிற வீட்டில் எந்த ஸ்பானியலும் குண்டாகத் தெரியாது. போதாததற்கு முடி வேறு. நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை தொங்கும் அந்தக் குஞ்சம், வயிறு மேலே ஏறுகிறதா தொங்குகிறதா என்பதையே மறைத்துவிடும்.

குளிப்பாட்டும் நாளில் மட்டும் கண்ணை நம்பலாம். முடி நனைந்து உடம்போடு ஒட்டியதும் மேலிருந்து பாருங்கள். விலாக்கூடு முடிகிற இடத்துக்குப் பின்னால் இடுப்பு கொஞ்சம் உள்ளே வாங்க வேண்டும். பக்கவாட்டில், நெஞ்சுக்குப் பின்னால் அடிவயிறு மேல்நோக்கி ஏற வேண்டும். பிரௌனி நனைந்தபோதும் உரல் மாதிரியே இருந்தான் என்றார் அக்கா. சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

மற்ற நாட்களுக்கு விரல்தான். நாய்க்கு 13 ஜோடி விலா எலும்புகள். நாயை நிற்க வைத்து, பின்னாலிருந்து இரண்டு கைகளையும் இரு பக்க விலாவில் வைத்து, விரல் நுனிகளை முன்னும் பின்னுமாக மெல்ல ஓட்டுங்கள். அமுக்கக் கூடாது, தடவ வேண்டும். எலும்பு தட்டுகிறதா என்று பாருங்கள். எவ்வளவு தட்டினால் சரி என்பதற்கு அளவுகோல் உங்கள் கையிலேயே இருக்கிறது. முஷ்டியை மடக்கி விரல் முட்டிகளின் மேல் தடவிப் பாருங்கள், கூர்கூராக இருக்கும். நாயின் விலா அப்படி இருந்தால் மெலிவு. கையை விரித்துப் புறங்கையைத் தடவுங்கள். எலும்பு தெரியும், ஆனால் மேலே மெல்லிய ஒரு போர்வை. அதுதான் சரியான எடை. கையைத் திருப்பி உள்ளங்கைப் பக்கம் விரல்கள் தொடங்கும் மேட்டைத் தடவுங்கள். உள்ளே எலும்பு இருக்கிறது என்று நமக்குத் தெரியும், அமுக்கினால்தான் தட்டுப்படும். விலா அப்படி இருந்தால் நாய் குண்டு.

இந்தச் சோதனையைப் படித்த நாளிலிருந்து எனக்கு இதன் மேல் ஒரு தனிப் பிரியம். பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான், நாய் வைத்தியம் தெரியாது. மூன்று தடவலில் இவ்வளவு துல்லியம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தபோது, விடை தூத்துக்குடிக் கடலில் கிடைத்தது.

சங்கு குளிக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்: மேலே வள்ளம் ஆடும், கீழே போனால் அமைதி. அலையின் ஆட்டம் ஆழம் போகப் போக வேகமாகத் தேய்ந்துவிடும். எவ்வளவு வேகமாக என்பதை அலையின் உயரம் தீர்மானிப்பதில்லை, முகட்டுக்கும் முகட்டுக்கும் உள்ள இடைவெளிதான் தீர்மானிக்கிறது. அந்த இடைவெளியில் பாதி ஆழத்துக்குப் போனாலே, மேலே இருந்த ஆட்டத்தில் சுமார் 4 சதவீதம்தான் மிஞ்சும். ஆழக்கடலில் 20 மீட்டர் இடைவெளி அலை என்றால் 10 மீட்டர் கீழே போக வேண்டும். ஒரு மீட்டர் இடைவெளியில் ஓடும் சிற்றலைக்கு அரை மீட்டர் போதும். நெருக்கமான மேடுபள்ளம் சீக்கிரம் மறையும், அகலமானது தாக்குப்பிடிக்கும்.

கடல் வேண்டாம், பழைய பனைநார்க் கட்டில் ஒன்று போதும். வெறுங்கட்டிலில் கையை ஓட்டினால் ஒவ்வொரு நாரும் எண்ண வரும். மேலே ஒரு போர்வை விரித்தால் பின்னல் இருப்பது மட்டும் புரியும். பஞ்சு மெத்தை போட்டால் நார் என்று ஒன்று கீழே இருப்பதே தெரியாது. ஆனால் ஓரத்துச் சட்டம் மட்டும் மெத்தையைத் தாண்டியும் இடிக்கும், ஏனென்றால் சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடைவெளி அதிகம்.

நாயின் விலாவும் கட்டில்தான். எலும்பு ஒரு மேடு, அடுத்த எலும்புக்கு முன் ஒரு பள்ளம், திரும்ப மேடு. நடுத்தர உருவ நாய்க்கு இந்த இடைவெளி சுமார் 2 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் மேல் தோல், தோலுக்குக் கீழே கொழுப்பு மெத்தை. மென்மையான மெத்தைக்குள் மேடுபள்ளம் தேய்கிற போக்கும் கடலலைக் கணக்கின் சாயலில்தான் இருக்கும். அலை அளவுக்கு அவ்வளவு சீக்கிரமாகத் தேயாது, அவ்வளவே. மெத்தை 2, 3 மில்லிமீட்டர் என்றால் மேட்டின் பெரும்பகுதி விரலுக்கு வந்து சேரும். ஒரு சென்டிமீட்டர் ஆகிவிட்டால் ஐந்தில் ஒரு பங்கு வந்தாலே பெரிது. எலும்பு நன்றாகத் தட்டும் நாய்க்கும் தட்டாத நாய்க்கும் நடுவில் இருப்பது சில மில்லிமீட்டர் மட்டுமே. கண்ணுக்குப் பிடிபடாத அந்தச் சில மில்லிமீட்டரை எலும்பின் இடைவெளி பெரிதாக்கிக் காட்டுகிறது. தொடையிலோ தோளிலோ தடவினால் இந்த வித்தை நடக்காது. அங்கே கீழே ஒழுங்கான மேடுபள்ளம் இல்லை, மெத்தையை எதை வைத்து அளப்பது?

தடவச் சொன்னதற்கும் காரணம் உண்டு. விரல் நுனியில் சில நரம்பு முனைகள் அழுத்தம் மாறும்போது மட்டும்தான் மூளைக்குச் சேதி அனுப்பும். கையை அசையாமல் வைத்திருந்தால் கொஞ்ச நேரத்தில் அவை ஓய்ந்துவிடும். ஓட்டினால் ஒவ்வொரு எலும்பும் ஒரு புதுச் சேதி. பலமாக அமுக்கினாலோ, கொழுப்பு பக்கவாட்டில் ஒதுங்கி மெத்தை மெலிந்து, குண்டு நாய்க்கும் எலும்பு தட்டும். அக்கா முதல் தடவை அப்படித்தான் செய்துவிட்டு, "எலும்பு நல்லாத் தட்டுதே தம்பி" என்று சந்தோஷப்பட்டார்கள். மெல்லத் தடவச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

"ஒண்ணும் தட்டலையே."

அப்போதுதான் இன்னொன்றும் வெளியே வந்தது. போன ஆடியில் திருஷ்டி கழிக்கவென்று பிரௌனியின் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறார்கள். கட்டும்போது இரண்டு விரல் தாராளமாகப் போனதாம். இப்போது முடியை விலக்கிப் பார்த்தால் கயிறு தோலில் பதிந்து கிடக்கிறது. கண்ணேறு நாயைக் குண்டாக்கும் என்றோ மெலியவைக்கும் என்றோ நான் நம்பவில்லை, அதை அவரிடமே சொன்னேன். ஆனால் நாய்க்கு கழுத்திலும் வால் அடியிலும்கூடக் கொழுப்பு சேரும். ஒரு வருஷமாக யாரும் அளக்காததை அந்தக் கயிறு அளந்து வைத்திருந்தது. முதலில் அதை அறுக்கச் சொன்னேன், பிறகுதான் மற்ற பேச்சு.

விரலும் கண்ணும் சொல்வதைச் சேர்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவது மருத்துவர்களின் வழக்கம். 4, 5 சரியான எடை. ஐந்துக்கு மேல் ஒவ்வொரு படிக்கும் 10 முதல் 15 சதவீதம் கூடுதல் எடை என்பது பொதுக்கணக்கு. பிரௌனிக்கு 8 போடலாம், மூன்று படி கூடுதல், குறைந்தது 30 சதவீதம். 17-ஐ 1.3-ஆல் வகுத்தால் 13 கிலோவும் சொச்சமும். மகன் சொன்ன எண்ணுக்கே வந்துவிட்டோம், ஆனால் பிரௌனியின் உடம்பைக் கேட்டு வந்திருக்கிறோம். எலும்பு பெரிதா என்ற கேள்வியும் இதிலேயே அடங்கிவிட்டது.

இந்த 9 படிக் கணக்கை நாய்களில் சோதித்து 1997-ல் வெளியிட்டவர் டாட்டி லாஃப்லாம், பியூரினா என்ற நாய்த்தீவனக் கம்பெனியின் விஞ்ஞானி. அதே கம்பெனி 48 லாப்ரடார் நாய்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு, ஆயுள் முழுவதும் பார்த்தது. 2002-ல் வந்த முடிவு: குறைவாகத் தின்ற கூட்டம் நடுமதிப்பில் 1.8 வருஷம் கூடுதலாக வாழ்ந்தது. மூட்டுத் தேய்மானமும் தள்ளிப்போனது. தீனி விற்கிறவனே தீனியைக் குறை என்று நிரூபித்தது வேடிக்கைதான், பாராட்டுகிறேன். ஆனால் இதையெல்லாம் கம்பெனி காசில்தான் செய்ய வேண்டுமா? நாம் 2005-ல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டோம். நம் திருநெல்வேலி ராமையன்பட்டியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் ஆயுள் முழுக்க இப்படி ஓர் ஆய்வு நடத்த அரசு பணம் ஒதுக்கினால், வரி கட்டுகிறவன் என்ற முறையில் நான் குறை சொல்ல மாட்டேன்.

தீனிக்கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். கிலோவில் எடையின் முக்கால் அடுக்கை (கால்குலேட்டரில் 0.75 பவர்) 70-ஆல் பெருக்கினால், நாய் சும்மா கிடக்க ஒரு நாளைக்கு வேண்டிய கிலோகலோரி வரும். 13 கிலோவுக்குச் சுமார் 480. எடை குறைக்க மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணை ஒட்டித்தான் தொடங்குவார்கள். பிரௌனிக்குக் காலையில் பாலில் நனைத்த மேரி பிஸ்கட் ஆறு. ஒன்றுக்கு 25 என்றால் அதுவே 150, அன்றைய கணக்கில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, பாலைச் சேர்க்காமலேயே. மதியம் தயிர்ச்சோறு, ராத்திரி கோழித்தோலோடு சோறு. சாயங்காலம் அல்வா, "விரல் நுனி அளவுதான் தம்பி". கையில் ஒட்டும் நெய்யே தனிக்கணக்கு. (பாயசத்துத் திராட்சையை மட்டும் நாய்க்குக் காட்டவே வேண்டாம். அது சிறுநீரகத்துக்கு விஷம்.) பிரௌனிக்குக் கருத்தடையும் ஆகியிருக்கிறது. அதற்குப் பிறகு உடம்பின் தேவை 20, 30 சதவீதம் குறையும், தட்டு மட்டும் பழைய அளவிலேயே நிறையும்.

நம் ஊர் வெயிலுக்கும் இதில் பங்குண்டு. நாய்க்கு வேர்வை பாதத்தில்தான், மற்றபடி மூச்சிரைத்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். மேலே கொழுப்புக் கம்பளம் போர்த்திய நாய் சித்திரையில் நாலு தெரு நடக்குமா? நடக்காததால் இன்னும் குண்டாகும். விடியற்காலையில், தார்ச்சாலை சூடேறும் முன் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன்.

வயிறு பெரிதாக இருந்து விலா கூராகத் தட்டினால் அது கொழுப்பு இல்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், வேறு நோய் இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். கொஞ்சமாகத் தின்றும் எடை ஏறி, முடி உதிர்ந்து, சோர்ந்து கிடந்தாலும் அப்படியே. தைராய்டு குறைபாடு அதிகம் வருகிற இனங்களில் காக்கர் ஸ்பானியலும் ஒன்று, ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு சதவீதம் குறைந்தால் போதும், பிரௌனிக்கு அது 170 கிராம். இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எப்படியும் ஆறு மாத வேலை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அதே மளிகைக் கடைத் தராசில் ஏற்றுகிறார்கள். இதுவரை 16.4 கிலோ. நிறுத்து முடித்ததும் கடைக்காரர் அண்ணாச்சி பிரியமாக ஒரு பிஸ்கட் நீட்டுகிறாராம். அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.