நைஸ் என்னும் சொல் நடந்து வந்த வழி

கோத்தகிரிக் கடைவீதியில் மாவு மில்லுக்குக் கேழ்வரகை எடுத்துச் சென்றால், அரைப்பவர் முதலில் கேட்பது, "நைஸா வேணுமா, கொஞ்சம் கொரகொரன்னு இருக்கணுமா?" என்பதுதான். புட்டுக்குக் கொரகொரப்பு ஏற்றது; குழந்தைக்குக் கூழ் காய்ச்ச வேண்டுமானால், விரலிடுக்கில் வைத்துத் தேய்க்கும்போது நரநரவென்று படாத நைஸ் மாவுதான் வேண்டும். 'இனிய', 'நல்ல' என்று பள்ளியில் பொருள் படித்த ஆங்கில உரிச்சொல், மில்லில் மட்டும் 'நுண்ணிய' என்று பொருள்படுவது ஏன்?

இச்சொல்லின் மூலம் இலத்தீன் மொழியின் 'நெஸ்கியுஸ்'. 'இல்லை' என்னும் 'நெ'யும் 'அறிதல்' என்னும் 'ஸ்கீரே'யும் சேர்ந்து, 'அறியாதவன்' என்று பொருள் தந்தன. 'சயின்ஸ்' என்ற சொல் பிறந்ததும் அதே 'ஸ்கீரே'யிலிருந்துதான் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. பழைய பிரெஞ்சு வழியாக 1300ஆம் ஆண்டையொட்டி ஆங்கிலத்துக்குள் வந்தபோது, ஒருவரை நைஸ் என்பது அவரை மூடர் என்று சொல்வதாகவே இருந்தது.

ஒரு சொல்லின் பொருள் ஓரிரவில் புரண்டுவிடுவதில்லை. இரண்டு விதமாகவும் புரிந்துகொள்ளத்தக்க இடங்களில் அது பலமுறை வழங்கும்போது, கேட்பவர் பக்கத்துப் பொருளைப் பிடித்துக்கொள்ள, அடுத்த தலைமுறைக்கு அதுவே முதற்பொருளாகிவிடுகிறது. பேதை என்ற பொருளுக்கு அருகில் கூச்சமுடையவர் என்ற பொருளும், அதற்கு அடுத்து எதையும் எளிதில் ஏற்காமல் தேர்ந்து பார்ப்பவர் என்ற பொருளும் இப்படித்தான் வந்தமைந்தன. 16ஆம் நூற்றாண்டுக்குள் நுட்பமான, மெல்லிய, துல்லியமான என்ற பொருள்களும் சேர்ந்துகொண்டன. குன்னூரில் தேயிலை சுவைப்பவர், வரிசையாக வைத்த கோப்பைகளிலிருந்து ஒவ்வொரு கரண்டியாக உறிஞ்சித் துப்பி, ஒரு தூளுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள மணம், நிறம், கடுப்பு ஆகியவற்றின் இம்மியளவு வேறுபாட்டைச் சொல்கிறாரே, அந்தத் தேர்ச்சியைக் குறிக்க அன்றைய ஆங்கிலத்தில் மிகப் பொருத்தமான சொல் நைஸ்தான். இவ்வாறு தேர்ந்தெடுத்த ஒன்று மனத்துக்கும் பிடித்ததாக இருக்குமல்லவா? 'இனிய' என்ற பொருள் 18ஆம் நூற்றாண்டில் தலைகாட்டியது.

1820களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உதகையில் கல் பங்களா கட்டியபோது, 'இனிய', 'நுட்பமான' ஆகிய இரண்டு பொருள்களுமே ஆங்கிலேயர் பேச்சில் உயிரோடிருந்தன. அவற்றுள் நுட்பத்தையே நம் மாவு மில்கள் போற்றி வைத்திருக்கின்றன என்பது என் கருத்து. 'நைஸாக நழுவிவிட்டான்' என்னும்போதும், பிறர் கண்ணில் படாத நுட்பம்தானே பேசப்படுகிறது!

தமிழில் 'நாற்றம்' நறுமணத்திலிருந்து துர்நாற்றத்துக்கு இறங்கியது. 'நைஸ்' எதிர்த்திசையில் ஏறியது. நையப் புடைத்தல், நைய அரைத்தல் என்று நாம் வழங்கும் 'நை' என்ற வினைக்கும் இச்சொல்லுக்கும் பிறப்பால் உறவில்லை. ஆயினும், மிளகாயை நைய அரைத்துப் பழகிய நாவுக்கு 'நைஸாக அரை' என்பது அயற்சொல்லாகவே படுவதில்லை.