ஃபிலிபஸ்டர்: விவாத முட்டுக்கட்டை

அமெரிக்காவில் எரிசக்தி அல்லது பருவநிலை குறித்து வரும் எந்த மசோதாவைப் பற்றிய செய்தியிலும் 'செனட்டில் 60 வாக்குகள் தேவை' என்ற வரி ஓரிடத்தில் வந்துவிடுகிறது. அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் மொத்த உறுப்பினர்கள் 100 பேர்தான். ஒரு மசோதாவை நிறைவேற்ற அவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் ஆதரவு போதும் என்பதே பொது விதி. அமெரிக்க அரசியலமைப்பைப் புரட்டினால் சட்டம் இயற்றுவதற்கு 60 என்றொரு எண் எங்கும் கிடைக்காது. அந்த எண் ஃபிலிபஸ்டர் என்ற வழக்கத்திலிருந்து பிறந்தது.

ஒரு மசோதாவின் மீதான விவாதத்தை முடியவிடாமல் நீட்டி, அதை வாக்கெடுப்புக்கே வரவிடாமல் செய்யும் உத்திக்கு ஃபிலிபஸ்டர் என்று பெயர். மசோதாவை எதிர்த்து வாக்களிப்பது வேறு, வாக்களிக்கும் தருணம் வராமல் பார்த்துக்கொள்வது வேறு. இந்தச் சொல் இரண்டாவதை மட்டுமே குறிக்கும்.

சொல்லின் வேர் நெதர்லாந்தில் இருக்கிறது. டச்சு மொழியில் 'ஃப்ரைபாய்டர்' என்றால் தன் விருப்பம்போல் கொள்ளையடித்துத் திரிபவன் என்று பொருள். 'ஃப்ரை' என்பது கட்டற்ற நிலையையும் 'பாய்ட்' என்பது கொள்ளைப் பொருளையும் குறிக்கும். கரீபியக் கடலில் ஸ்பானியக் கப்பல்களை மறித்த கொள்ளையரோடு சேர்ந்து இந்தச் சொல்லும் ஊர் ஊராகச் சுற்றியது. பிரெஞ்சில் 'ஃப்ளிபுஸ்தியே' என்றும் ஸ்பானிய மொழியில் 'ஃபிலிபுஸ்தேரோ' என்றும் உருமாறிய பிறகு, ஆங்கிலத்துக்கு இன்றைய வடிவில் வந்து சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், தம் நாட்டு அரசின் அனுமதியின்றிச் சொந்தப் படை திரட்டிக்கொண்டு லத்தீன் அமெரிக்க நிலங்களைக் கைப்பற்றப் போன அமெரிக்கர்களுக்கு அது பெயராயிற்று. அவர்களில் பெயர் பெற்றவர் வில்லியம் வாக்கர். 1856இல் நிகராகுவாவின் அதிபராகவே தன்னை அமர்த்திக்கொண்ட அவர், 1860இல் ஹோண்டுராஸில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஸ்பானியர் ஆண்ட பிலிப்பைன்ஸிலோ அதே சொல் ஆட்சிக்கு எதிராகக் கலகம் செய்பவரைக் குறித்தது. வாக்கரின் காலத்திலேயே அமெரிக்க நாடாளுமன்ற விவாதங்களிலும் அது ஒரு வசையாக நுழைந்துவிட்டது. அவையின் நேரத்தைக் கொள்ளையடிப்பவர் என்ற குற்றச்சாட்டு, காலப்போக்கில் அந்தச் செயலுக்கே உரிய கலைச்சொல்லாக நிலைத்துவிட்டது.

வழக்கம் சொல்லைவிட மூத்தது. விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போகப் பெரும்பான்மைக்கு இருந்த ஒரு வழியைச் செனட் 1806இல் விதிகளைச் சீர்செய்தபோது தேவையற்றது என்று கருதி நீக்கியது. சிறுபான்மையின் உரிமையைக் காக்கும் பெருநோக்கம் எதுவும் அதற்குப் பின்னால் இருந்ததாகத் தெரியவில்லை. பயன்படாத விதி என்பதால் போய்விட்டது, அவ்வளவுதான். 1917இல் வணிகக் கப்பல்களில் ஆயுதம் பொருத்தும் மசோதாவை ஒரு சிறு குழுவினர் பேசியே முடக்கியபோது அதிபர் வுட்ரோ வில்சன் கொதித்துப்போனார். அதன் விளைவாக, மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால் விவாதத்தை முடிக்கலாம் என்ற 22ஆம் விதி வந்தது. 1975இல் இந்த வரம்பு மொத்த உறுப்பினரில் ஐந்தில் மூன்று பங்காகக் குறைக்கப்பட்டது. 60 என்ற எண் இங்கிருந்துதான் வருகிறது.

ஃபிலிபஸ்டர் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது மணிக்கணக்காக நின்றுகொண்டே பேசும் உறுப்பினரின் உருவம். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்கான மசோதாவை எதிர்த்து 1957இல் செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். மசோதா அப்படியும் நிறைவேறியது. ஆனால் அந்த உருவம் இன்றைய நடைமுறைக்குப் பொருந்தாது. ஒரு மசோதா தடைபட்டிருக்கும்போதே மற்ற அலுவல்களை வேறு தடத்தில் நடத்திக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு 1970களின் தொடக்கத்தில் வந்தது. அன்று முதல் எதிர்ப்பவர் யாரும் தொண்டை வறளப் பேச வேண்டியதில்லை. 41 பேர் விடமாட்டார்கள் என்று தெரிந்தாலே போதும், மசோதா கிடப்பில் போய்விடும். சொல்லின் தமிழாக்கத்தைத் தீர்மானிக்கும்போது இந்த மாற்றத்தைக் கணக்கில் கொண்டே ஆக வேண்டும்.

பேச்சும் தடையும் எப்படித் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன என்பதைப் பருவநிலை அரசியல் நன்றாகக் காட்டும். 2009 ஜூன் 26 அன்று கீழவையான பிரதிநிதிகள் சபையில், கரியமில வாயு உமிழ்வுக்கு உச்சவரம்பு விதித்து உமிழ்வு உரிமங்களைச் சந்தையில் விற்கவும் வாங்கவும் வழிசெய்யும் வாக்ஸ்மன்–மார்க்கி மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. அந்த அவையில் ஃபிலிபஸ்டர் கிடையாது. பேச்சு நேரம் கட்சிகளுக்குப் பங்கிட்டுத் தரப்படும். ஆயினும், தலைவர்களுக்கு ஒதுக்கப்படும் ஒரு நிமிடம் எவ்வளவு நீண்டாலும் அவை பொறுத்துக்கொள்ளும் என்றொரு மரபு உண்டு. அதைப் பிடித்துக்கொண்ட குடியரசுக் கட்சித் தலைவர் ஜான் பேனர், அன்று விடியும் முன்புதான் சேர்க்கப்பட்டிருந்த சுமார் 300 பக்கத் திருத்தத்தைக் கையில் வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டி, வாசித்தும் கேலி செய்தும் ஒரு மணி நேரம் பேசினார். மசோதாவின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி வாக்ஸ்மன் இதற்கு ஓர் எல்லை இல்லையா என்று கேட்டும் பயனில்லை. பேனர் பேசி முடித்த பின் வாக்கெடுப்பு நடந்தது. 219–212 என்று மசோதா நிறைவேறியது. பேச்சு நீண்டிருந்தும் தடை விழவில்லை என்பதால், அது ஃபிலிபஸ்டர் ஆகாது.

செனட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே இந்த மசோதாவுக்கு எதிராக யாரும் இரவு முழுக்கப் பேசவில்லை. 60 பேர் தேறமாட்டார்கள் என்று எண்ணிப் பார்த்த ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட், 2010 ஜூலையில் முயற்சியையே கைவிட்டார். மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடல் கறுத்திருந்த அதே கோடையில்தான் இது நடந்தது. பழியை எல்லாம் விதியின் மேல் போட்டுவிடுவதும் சரியாகாது. நிலக்கரி, எண்ணெய் மாநிலங்களைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சியினர் பலருக்கே அந்த மசோதா பிடிக்கவில்லை. கீழவையில் அக்கட்சியின் 44 பேர் அதை எதிர்த்து வாக்களித்திருந்தனர். மேற்கு வர்ஜீனியாவின் ஆளுநராக இருந்துகொண்டு செனட்டுக்குப் போட்டியிட்ட ஜோ மேன்சின், அந்த மசோதாவின் தாளைக் குறியாக நிறுத்தித் துப்பாக்கியால் சுடும் விளம்பரத்தை 2010 அக்டோபரில் வெளியிட்டார். அவரும் ஜனநாயகக் கட்சிக்காரரே.

இந்தத் தடை ஒரு கட்சியின் சொத்தன்று. அலாஸ்காவின் ஆர்க்டிக் வனவிலங்குக் காப்பகத்தில் எண்ணெய் எடுக்க வழிசெய்யும் பிரிவைக் குடியரசுக் கட்சியினர் 2005 டிசம்பரில் பாதுகாப்புத் துறையின் செலவு மசோதாவோடு ஒட்டிக் கொண்டுவந்தார்கள். விவாதத்தை முடிக்கும் தீர்மானத்துக்கு 56 வாக்குகள் கிடைத்தன, 44 எதிர்த்தன. நான்கு வாக்குகள் குறைந்ததால் அந்தப் பிரிவு விழுந்தது. சூழலியலாளர்கள் அன்று மகிழ்ந்தார்கள். ஃபிலிபஸ்டர் நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு அமெரிக்க அரசியல்வாதிகள் தரும் விடை, அவர்கள் அவையின் எந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பெரிதும் பொறுத்தது; இதை இரு கட்சிகளின் பழைய பேச்சுகளையும் அருகருகே வைத்துப் படிப்பவர் எவரும் காணலாம்.

2014 மார்ச்சில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. பருவநிலை மாற்றத்தின் மீது கவனத்தைத் திருப்புவதற்காக ஜனநாயகக் கட்சியின் செனட்டர்கள் பலர் மாறி மாறி விடியும்வரை பேசினார்கள். தடுப்பதற்கு எந்த மசோதாவும் அவையின் முன் இல்லை. விடிய விடிய நடந்தது என்பதற்காக அதையும் ஃபிலிபஸ்டர் என்று எழுதினால் சொல்லைத் தவறாகப் பயன்படுத்துவதாகும்.

தடையைத் தாண்ட முடியாதபோது சுற்றிப் போவதற்கு ஒரு வழி உண்டு. 1974ஆம் ஆண்டின் நிதிநிலைச் சட்டம் ஏற்படுத்திய ஒரு சிறப்பு நடைமுறையில் விவாதம் 20 மணி நேரத்தோடு முடிந்துவிடும். சாதாரணப் பெரும்பான்மை போதும். இதை வரவுசெலவு இணக்க நடைமுறை எனலாம். ஆனால் வரியையும் செலவையும் நேரடியாகத் தொடும் பிரிவுகளை மட்டுமே இதில் ஏற்ற முடியும். மற்றவற்றைச் செனட்டர் ராபர்ட் பைர்டின் பெயரால் வழங்கும் விதி வெட்டிவிடும். அமெரிக்கப் பருவநிலைக் கொள்கைக்கு இன்றிருக்கும் உருவம் பெருமளவு இந்தக் குறுகிய வாசலில் நுழைவதற்காகச் செதுக்கப்பட்டது என்பேன். மின் நிறுவனங்கள் இத்தனை விழுக்காடு தூய மின்சாரம் தந்தாக வேண்டும் என்று நேராக ஆணையிடும் சட்டம் அதில் நுழையாது. ஆகவேதான் 2021இல், ஆண்டுதோறும் தூய மின்சாரத்தின் பங்கை உயர்த்தும் நிறுவனத்துக்குப் பணமும் உயர்த்தாத நிறுவனத்துக்குக் கட்டணமும் என்று அதே நோக்கத்தைக் கணக்குப் புத்தகத்தின் மொழியில் எழுதிப் பார்த்தார்கள். அதுவும் மேன்சினின் எதிர்ப்பால் கழன்றது. 2022 ஆகஸ்டில், 50–50 என்ற சமநிலையை உடைத்த துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கோடு 51–50 என்று நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம், எரிசக்திக்கும் பருவநிலைக்கும் சுமார் 37,000 கோடி டாலர் ஒதுக்கியதாக அப்போது மதிப்பிடப்பட்டது. அதில் பெரும்பகுதி வரிச்சலுகை. அதைச் சாத்தியமாக்கிய ஐம்பதாவது செனட்டர், மசோதாவைச் சுட்ட அதே மேன்சின்.

இந்த வாசல் வழியே வந்ததை அதே வாசல் வழியே வெளியேற்றவும் முடியும். 2017இல் ஆர்க்டிக் காப்பகத்தை எண்ணெய் நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டதும் இந்த நடைமுறையில் வந்த ஒரு வரிச் சட்டமே. 2025 ஜூலையில் துணை அதிபர் ஜே. டி. வான்ஸின் வாக்கோடு, மீண்டும் 51–50 என்று, குடியரசுக் கட்சியினர் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின் சலுகைகளில் பலவற்றைப் பறித்தார்கள். மின்வாகனம் வாங்குவோருக்குக் கிடைத்துவந்த 7,500 டாலர் சலுகை அந்த ஆண்டு செப்டம்பர் இறுதியோடு நின்றது. அதற்கு முந்தைய மே மாதத்தில், தனக்கென்று கடுமையான வாகன விதிகளை வகுத்துக்கொள்ளக் கலிபோர்னியாவுக்குத் தரப்பட்டிருந்த அனுமதியை, ஃபிலிபஸ்டருக்கு இடம் தராத இன்னொரு சட்டத்தைக் கொண்டு ரத்து செய்தார்கள். அந்தச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்று செனட்டின் விதி ஆலோசகர் கருத்துத் தெரிவித்திருந்தும் அது நடந்தது.

இனித் தமிழுக்கு வருவோம். நம் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பேச்சு நேரத்தை அவைத்தலைவர் ஒதுக்குகிறார். வரம்பற்ற விவாதம் என்ற ஏற்பாடே இல்லாததால், அதற்கான சொல்லும் இங்கே தானாகப் பிறக்கவில்லை. அமளி, வெளிநடப்பு, அவை ஒத்திவைப்பு என்று நமக்குப் பழக்கமான சொற்கள் எவையும் இதற்கு ஆகா. அமளி விதியை மீறுவது. ஃபிலிபஸ்டரோ விதிக்கு உட்பட்டே நடப்பது.

'நெடும்பேச்சு', 'இழுத்தடிப்புப் பேச்சு' என்று மொழிபெயர்த்தால் 1957 விளங்கும், 2010 விளங்காது. 'பேச்சுத்தடை' என்றால் பேசக் கூடாதென்று விதித்த தடையாகப் பொருள்பட்டு, கருத்தே தலைகீழாகிவிடும். 'இழுத்தடிப்பு' என்பது தாமதத்தை மட்டும் சொல்கிறது. இந்த உத்தியால் மசோதா பெரும்பாலும் தாமதமாவதில்லை, செத்தே போகிறது.

அன்றாடத் தமிழில் உள்ள 'முட்டுக்கட்டை' இவை எல்லாவற்றையும்விடப் பொருத்தமானது. தேரோட்டத்தில் சக்கரத்தின் அடியில் கட்டையைச் செருகுபவர்கள் தேரை இழுப்பவர்களைவிட எண்ணிக்கையில் மிகக் குறைவு. ஆனாலும் அவர்கள் விட்டால்தான் தேர் நகரும். தேரைத் தெருமுனையில் திருப்புவதும் அதே கட்டைதான் என்பதால், ஃபிலிபஸ்டரை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயமும், அதாவது சிறுபான்மையின் தடை பெரும்பான்மையைச் சமரசத்தின் பக்கம் திருப்புகிறது என்ற வாதமும், இந்தச் சொல்லுக்குள் அடங்குகிறது. தனியே 'முட்டுக்கட்டை' என்றால் எந்த இடையூறுக்கும் பொருந்திவிடும் என்பதால் 'விவாத முட்டுக்கட்டை' என்று வரையறுத்துக்கொள்வது நல்லது. முதல் முறை எழுதும்போது 'ஃபிலிபஸ்டர் எனப்படும் விவாத முட்டுக்கட்டை' என்று எழுதிவிட்டு, அடுத்து வரும் இடங்களில் 'முட்டுக்கட்டை' என்று சுருக்கிக்கொள்ளலாம். 60 பேர் கூடி அதை அகற்றும் தீர்மானத்துக்கு 'விவாத முடிப்புத் தீர்மானம்' என்பது தெளிவான பெயர்.

செய்தி எழுதுவோர் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. விவாத முடிப்புத் தீர்மானத்துக்கு 60 வாக்குகள் கிடைக்காவிட்டால் 'மசோதா தோற்கடிக்கப்பட்டது' என்று எழுதிவிடுகிறோம். 2008 ஜூனில் லீபர்மன்–வார்னர் பருவநிலை மசோதாவின் மீது அப்படி ஒரு தீர்மானம் வந்தபோது ஆதரித்தவர்கள் 48 பேர், எதிர்த்தவர்கள் 36 பேர். அதைத் தமிழில் எழுதினால் 'விவாத முட்டுக்கட்டையை அகற்றும் தீர்மானம் 48–36 என்ற கணக்கில் தேவையான 60 வாக்குகளைப் பெறாததால், மசோதா வாக்கெடுப்புக்கு வரவில்லை' என்று எழுத வேண்டும்.