மாத்திரை முடிந்தாலும் நரம்பை மறக்காதீர்கள்

தொழுநோய் என்றதும் தருமபுரிப் பக்கம் இன்னும் பலருக்கு நினைவுக்கு வருவது, கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் விரல் இல்லாத பெரியவர்தான். அதனால்தான் முதுகில் உணர்ச்சியற்ற தேமலோடு வரும் இளைஞனிடம் நோயின் பெயரைச் சொன்னால், "எனக்கு விரலெல்லாம் நல்லாத்தானே இருக்கு சார்?" என்று கேட்கிறான். நன்றாக இருக்கும்போதே வந்துவிட்டானே என்று எனக்கு நிம்மதி.

நான் பிசியோதெரபிஸ்ட். நோயை உறுதி செய்து மாத்திரை தொடங்கியவர்களின் கை, கால் நரம்புகளைச் சோதிப்பது என் வேலை. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை 2005 டிசம்பரில் இந்தியா எட்டியதும், நோயே ஒழிந்துவிட்டதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். உலகில் புதிதாகக் கண்டறியப்படுபவர்களில் பாதிக்கு மேல் இன்றைக்கும் நம் நாட்டில்தான்.

1873-ல் நார்வே மருத்துவர் ஹான்சன் கண்டுபிடித்த இந்தக் கிருமியைச் சோதனைக்கூடத் தட்டில் வளர்க்க இதுவரை யாராலும் முடியவில்லை. அவ்வளவு மந்தமான கிருமி. ஒன்று இரண்டாகவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. உடம்பில் நுழைந்து அறிகுறி தெரியச் சராசரியாக ஐந்து வருடம், சிலருக்கு இருபது வருடம்கூட ஆகலாம். "யார்கிட்டேயிருந்து ஒட்டுச்சு?" என்று வீட்டுக்குள் பஞ்சாயத்து வைப்பதில் அர்த்தமே இல்லை. தொட்டதால் வருவதில்லை. சிகிச்சை எடுக்காதவரோடு நெடுநாள் நெருங்கி இருந்தால்தான் வாய்ப்பு. அப்போதும் பெரும்பாலானோரின் எதிர்ப்புச் சக்தியே பார்த்துக்கொள்ளும். அதையும் மீறித் தங்கிவிட்டால், குளிர்ச்சியான இடம்தான் இந்தக் கிருமிக்குப் பிடிக்கும். அதனால் முழங்கை, மணிக்கட்டு, முழங்காலின் வெளிப்பக்கம், கணுக்கால் என்று தோலை ஒட்டி ஓடும் நரம்புகள்தான் முதலில் மாட்டுகின்றன.

பென்னாகரம் பக்கத்து அம்மா ஒருவர், வலது கையில் சுண்டுவிரல் பக்கமாக ஒரு கொப்புளத்தோடு வந்தார். களி கிண்டும்போது சட்டி விளிம்பில் கை பட்டிருக்கிறது. "எப்ப சுட்டுச்சுன்னே தெரியலீங்க சார்." கண்ணை மூடச் சொல்லி, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்கையில் ஒவ்வோர் இடமாகத் தொட்டேன். தொட்ட இடத்தை மறு கையால் காட்ட வேண்டும். கட்டைவிரல் பக்கம் சரியாகக் காட்டினார். சுண்டுவிரல், மோதிரவிரல் பக்கம் வந்ததும் கை அசையவில்லை. "இன்னும் தொடவே இல்லையே?" என்றார். முழங்கைக்குப் பின்னால், இடித்துக்கொண்டால் ஷாக் அடிக்கும் அந்தக் குழியில் தடவிப் பார்த்தேன். நரம்பு கயிறுபோல் தடித்திருந்தது. சுண்டுவிரலை வெளிப்பக்கமாக விரித்துப் பிடிக்கச் சொல்லி நான் லேசாக அழுத்தியதும் மடிந்துவிட்டது. விரல் மடங்கிப் போவதற்கு முந்தைய கட்டம் இது.

விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட், 1940-களின் பிற்பகுதியிலிருந்து நோயாளிகளின் கைகளை ஆராய்ந்து நிறுவியது இதைத்தான். வலி தெரியாததால் சூடு படுகிறது, வெட்டுப்படுகிறது, புண்ணோடு வேலை செய்கிறார்கள், சீழ் எலும்பு வரை போகிறது. மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி வைத்து நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சையும் அங்கே அவர் வளர்த்ததுதான். காலுக்கும் இதே கதி. செங்கல் சூளையிலோ மாந்தோப்பிலோ வேலை செய்பவர், செருப்பு கழன்றது தெரியாமலே பத்தடி நடந்துவிட்டேன் என்று சொன்னால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பாதம் மரத்தவர்கள் தினமும் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரில் காலை ஊறவைத்து, தடித்த தோலைத் தேய்த்து, ஈரத்தோடு எண்ணெய் தடவ வேண்டும். சாயங்காலம் உள்ளங்காலை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிடுங்கள்.

என்னிடம் வருபவர்களுக்கு அதிகம் தெரியாதது 'ரியாக்ஷன்'. மாத்திரை கிருமியைக் கொல்கிறது, ஆனால் செத்த கிருமியையும் எதிரியாக நினைத்து உடம்பு சண்டை போடும். தேமல் சிவந்து வீங்கும், நரம்பு விண்விண்ணென்று வலிக்கும், சில நாட்களிலேயே கை பலமிழக்கலாம். "மாத்திரை ஒத்துக்கல" என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தவே கூடாது. சிறுநீர் சிவப்பாகப் போவதற்கும் தோல் கறுப்பதற்கும் பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. முன்னது ரிஃபாம்பிசின் என்ற மருந்தால், பின்னது குளோஃபசிமின் என்ற மருந்தால். கறுப்பு பிறகு மெல்ல மங்கிவிடும். மாத்திரைச் சிகிச்சை முடிந்து சில வருடம் கழித்துக்கூட ரியாக்ஷன் வரலாம். பலவீனம் தொடங்கி ஆறு மாதத்துக்குள் வந்தால் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து நரம்பை மீட்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. எவ்வளவு காலம் கொடுப்பது என்று இந்தியா, நேபாளம், வங்கதேசம், இந்தோனேசியாவில் ஓர் ஆய்வு நடந்தது. 20 வாரம் கொடுத்ததற்கும் 32 வாரம் கொடுத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நாளை நீட்டுவதைவிடச் சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன். அதற்காக மெடிக்கலில் நீங்களே வாங்கிப் போடாதீர்கள். சர்க்கரை ஏறும், திடீரென்று நிறுத்தினால் ஆபத்து.

நம் பக்கத்து ஆட்கள் வேலைக்கென்று ஓசூருக்கும் பெங்களூருக்கும் போய்விடுவது இன்னொரு தலைவலி. கூட்டு மருந்து சிகிச்சை தேமலின் எண்ணிக்கையைப் பொறுத்து 6 அல்லது 12 மாதம். எந்த ஊர் அரசு மருத்துவமனையிலும் இலவசம். போகும்போது சிகிச்சை அட்டையைக் கையோடு கொண்டு போனால் அங்கேயே தொடரலாம்.

கல்யாணம் நின்றுவிடும், புருஷன் விட்டுவிடுவான் என்று மறைப்பவர்கள்தான் கடைசியில் மடங்கிய விரலோடு வருகிறார்கள். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் பிரிவை 2019-லேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். கூட இருப்பவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது: ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின். வங்கதேசத்தில் நடந்து 2008-ல் வெளிவந்த ஆய்வில், முதல் இரண்டு வருடத்தில் நோய் வரும் வாய்ப்பை அது 57 சதவீதம் குறைத்தது. 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. மாத்திரையோடு சுகாதாரப் பணியாளர் வந்தால், "எங்க வீட்டில் யாருக்கும் ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்தாதீர்கள். ஒன்றுமில்லாதவர்களுக்குத்தான் அந்த மாத்திரை.