பழைய நீராவி ரயில் கிரேன்: நெருப்பு மூட்டுவது கடைசி வேலை

பல ஆண்டுகள் சும்மா நின்ற நீராவி கிரேன் கைக்கு வந்ததும், பாய்லரை மூட்டி ஒருமுறை அசைத்துப் பார்க்கலாமே என்று ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். உயிரைக் குடிக்கும் கோளாறுகள் வெளியே தெரியாத இடங்களில்தான் இருக்கும்.

தடம்புரண்ட எஞ்சின்களைத் தூக்கி நிறுத்திய கிரேன்களில் இங்கிலாந்தின் கார்லைல் நகரக் கவன்ஸ் ஷெல்டனும், இப்ஸ்விச் நகர ரான்சம்ஸ் அண்ட் ரேப்பியரும் தயாரித்தவை பெயர்பெற்றவை. கவன்ஸ் ஷெல்டன் கிரேன்கள் இந்திய ரயில்வேயிலும் உழைத்தன. அந்தக் காலத்து கிரேன்களில் பாய்லர் உறைக்கு அடியிலும் பிரேக் லைனிங்கிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். மாதிரி எடுத்துப் பரிசோதிக்கும்வரை உறையைப் பிரிக்க வேண்டாம். கல்நார் என்று உறுதியானால், அகற்றுவதை உரிமம் பெற்றவர்களிடமே விட்டுவிடுங்கள்.

செங்குத்து பாய்லரில் பெரும்பாலும் சீரழிவது அடிப்பகுதிதான். நெருப்புப் பெட்டிக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கில் சேறு படிந்து, பல ஆண்டுகள் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும். சேற்றைக் கழுவி எடுக்க வைத்திருக்கும் துளைகளின் மூடியைக் கழற்றி விளக்கைப் பிடித்துப் பாருங்கள். மூடி கசிந்த இடத்தில் வெளித் தகட்டின் விளிம்பு கத்திபோலத் தேய்ந்திருக்கலாம். கட்டம் போட்டு, புள்ளிக்குப் புள்ளி அல்ட்ராசோனிக் கருவியால் தகட்டுத் தடிமனை அளந்து எழுதுங்கள். நெருப்புப் பெட்டி உச்சியிலுள்ள ஈய பிளக்கைப் புதிதாக மாற்றுங்கள். நீர்மட்டம் குறைந்தால் முதலில் உருகி எச்சரிப்பது அதுதான்.

பிறகுதான் நீரழுத்தச் சோதனை. காற்றை முழுக்க வெளியேற்றி, பாய்லர் ஆய்வாளர் முன்னிலையில் அவர் சொல்லும் அளவுக்கு அழுத்தத்தை ஏற்ற வேண்டும். வேலை அழுத்தத்தைப்போல 1.5 மடங்கு என்பது பரவலான வழக்கம். சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் வேலை செய்யும் பாய்லர் என்றால் 150 பவுண்டு. நீர் அமுங்குவதில்லை என்பதால் தகடு விட்டாலும் பெரும்பாலும் கசிவோடு போய்விடும். காற்றாலோ நீராவியாலோ இதைச் செய்தால் வெடிக்கும்.

நின்றுபோன கிரேனின் வயர் ரோப்பைக் காப்பாற்ற முயல வேண்டாம். வெளியே கிரீஸ் பளபளத்தாலும் உள்ளே சணல் நடுப்பகுதி காய்ந்து, கம்பிகள் துருவேறியிருக்கும். ரோப்பை மாற்றும்போது கப்பிப் பள்ளத்தையும் பாருங்கள். பழைய ரோப் தேய்ந்து மெலியும்போது பள்ளத்தையும் தன் அளவுக்கு ஒடுக்கிவிடும். புது ரோப் அதில் நெருக்குண்டு சீக்கிரம் அறுந்துவிடும். பள்ளத்தை அச்சு வைத்து அளந்து கடைந்துவிடுங்கள், அல்லது கப்பியையே மாற்றுங்கள். கொக்கியிலும் கியர் பற்களிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று காந்தத் துகள் சோதனை காட்டிவிடும்.

தூக்கும் திறன் ஜிப்பின், அதாவது கிரேனின் நீண்ட கையின், சாய்வைப் பொறுத்தது. பலகையில் எழுதியுள்ள உச்ச எடை, அவுட்ரிகர்களை (பக்கவாட்டில் நீட்டும் தாங்குகால்களை) கட்டைமேல் ஊன்றி, சுமையைக் கிரேனுக்கு அருகிலேயே வைத்துத் தூக்கும்போது மட்டும்தான். அவுட்ரிகர் இல்லாமல் அதில் சிறு பங்கைத்தான் தாங்கும். மறந்தால் கிரேன் கவிழும்.

எடைச் சோதனையில் சுமையைத் தரையிலிருந்து ஒரு சாண் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். பிரேக் டிரம்மிலிருந்து சட்டம்வரை சாக்பீஸால் ஒரு நேர்கோடு. 10 நிமிடத்தில் கோடு விலகினால் லைனிங்கில் எண்ணெய் இறங்கியிருக்கிறது, அல்லது பிடிமானம் தேய்ந்திருக்கிறது. சுமையை இறக்கி, லைனிங்கைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துப் போடாமல் மாற்றிவிட்டு, கோட்டை மறுபடி போடுங்கள்.