புயல், வெள்ள நிவாரணம்: கணக்கெடுப்பில் பெயர் விடுபடுவது எங்கே?

புயலோ வெள்ளமோ வந்துபோன பிறகு அரசு தரும் நிவாரணத்துக்கு அடிப்படை, மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய அரசு வகுத்த விதிமுறை. நிலநடுக்கம், தீ விபத்து, நிலச்சரிவு எல்லாவற்றுக்கும் இதே விதிமுறைதான். கீழே சொல்லும் தொகைகள் 2022–26 காலத்துக்கு வகுத்த விதிமுறைப்படியானவை. அதற்குமேல் சேர்த்துக் கொடுப்பது மாநில அரசின் விருப்பம். 2024 ஃபெஞ்சல் புயலின்போது உயிரிழப்புக்கு 4 லட்சம் என்றிருந்ததைத் தமிழக அரசு 5 லட்சமாகவும், குடிசைக்கு 8,000 என்றிருந்ததை 10,000 ரூபாயாகவும் உயர்த்தியது. அடுத்த புயலுக்கும் இதே தொகை வரும் என்று எண்ண வேண்டாம். ஒவ்வொரு முறையும் தனி அரசாணை வரும். அதில் இருக்கும் தொகைதான் கணக்கு.

தொகை எவ்வளவு என்பதைவிட, கணக்கெடுக்க வருகிறவர் தாளில் என்ன எழுதுகிறார் என்பதுதான் முக்கியம். தண்ணீர் வடிந்த அந்தச் சில நாட்களில் எழுதப்படுவதை வைத்தே எல்லாம் முடிவாகிறது. பட்டியல் தாலுகா அலுவலகத்தைத் தாண்டி மேலே போய்விட்டால், பெயர் சேர்க்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பயிர்: 33 சதவீதம் என்ற கோடு

மகசூல் இழப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் நிவாரணம். பாசன நிலத்துப் பயிருக்கு எக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, தென்னை, மா போன்ற நீண்டகாலப் பயிருக்கு 22,500. ஏக்கர் கணக்கில் பார்த்தால் நெல்லுக்கு ஏறத்தாழ 6,880 ரூபாய்தான் வரும். உச்சவரம்பு 2 எக்டேர், அதாவது ஏறக்குறைய 5 ஏக்கர். பத்து ஏக்கர் மூழ்கியிருந்தாலும் 34,000 ரூபாய்க்கு மேல் கிடைக்காது.

வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து கணக்கெடுப்பதாகத்தான் ஏற்பாடு. நடப்பில் பல ஊர்களில் விஏஓவோ (கிராம நிர்வாக அலுவலர்) உதவி வேளாண் அலுவலரோ ஒருவர் மட்டும் ரோட்டோரமாக நின்று பார்த்துவிட்டு, "பயிர் பச்சையாத்தானே நிக்குது" என்று 20 சதவீதம் போட்டுவிட்டுப் போகிறார். தண்ணீர் வடிந்த மூன்றாம் நாள் சம்பாப் பயிர் தூரத்திலிருந்து பச்சையாகத்தான் தெரியும். பூக்கும் தருணத்தில் மூழ்கிய கதிர் பிறகு பதராகும். வேர் அழுகிய தூர் ஒரு வாரம் கழித்துத்தான் மஞ்சளிக்கும். அதனால் அவரை வரப்பில் இறக்கி வயலின் நடுப்பகுதிக்குக் கூட்டிப்போங்கள். நாலைந்து இடத்தில் தூரைப் பிடுங்கிக் காட்டுங்கள். நல்ல வேர் வெள்ளையாக இருக்கும். அழுகியது கறுத்து, நாற்றமடித்து, இழுத்தால் கையோடு உருவிக்கொண்டு வரும். இடமும் தேதியும் படத்திலேயே பதிவாகும் செயலியில் போட்டோ எடுங்கள். தண்ணீர் நிற்கும்போது ஒன்று, வடிந்ததும் ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று என அதே இடத்தில் நின்று மூன்று முறை எடுத்தால், மறுகணக்கெடுப்பு கேட்கும்போது யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

அடுத்த பள்ளம் அடங்கல், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று கிராமக் கணக்கில் எழுதும் பதிவு. உங்கள் சர்வே எண்ணில் இந்தப் பருவத்தில் நெல் என்று அடங்கலில் ஏறியிருக்க வேண்டும். விஏஓ அதை மாதாமாதம் எழுத வேண்டும். பல கிராமங்களில் காப்பீட்டுக்கு அடங்கல் கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்கும்போதுதான் எழுதவே ஆரம்பிக்கிறார்கள். போன பருவத்துப் பயிரோ 'தரிசு' என்றோ அதில் இருந்தால், வயல் கண்ணெதிரே மூழ்கிக் கிடந்தாலும் கணக்கில் நிலம் காலிதான். நட்டு முடித்த மாதமே பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் வருவாய்த் துறைக் கணக்கு ஆண்டு), சர்வே எண், உட்பிரிவு, பயிர் நான்கையும் சரிபார்த்து ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

பட்டா இறந்துபோன அப்பா பெயரிலோ பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவிலோ இருந்தால் இன்னொரு அலைச்சல் காத்திருக்கிறது. விஏஓ "பட்டா மாத்திட்டு வாங்க" என்பார். பட்டா மாற்றப் போனால் வாரிசுச் சான்று கேட்பார்கள். அந்தச் சான்று கைக்கு வருவதற்குள் நிவாரணப் பட்டியல் முடிந்துவிடும். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே விண்ணப்பித்து விடுங்கள். புயல் வந்துவிட்டால், மற்ற பங்குதாரர்கள் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தைக் கணக்கெடுப்பின்போதே கொடுத்து, உழுபவர் பெயரில் எழுதச் சொல்லுங்கள்.

ரொம்பவும் அடிபடுகிறவர்கள் வாய்மொழிக் குத்தகைக்காரர்கள். விதை, உரம், கூலி எல்லாம் இவர்கள் கைக்காசு. பணம் போய்ச் சேர்வதோ சென்னையிலோ வெளிநாட்டிலோ இருக்கும் நிலக்காரர் கணக்குக்கு. 'சாகுபடி செய்பவர்' என்று அடங்கலில் உங்கள் பெயர் இருந்தால் மட்டுமே வாதாட இடமுண்டு. அதை நடவு சமயத்தில் கேட்டு வாங்கினால்தான் உண்டு. வெள்ளத்துக்குப் பிறகு கேட்டால் நிலக்காரரும் தயங்குவார், விஏஓவும் கைவிரிப்பார்.

காப்பீடும் நிவாரணமும் வேறு வேறு

பயிர்க் காப்பீடு செய்தவருக்கு நிவாரணம் கிடையாது என்று சில அலுவலகங்களில் சொல்லி அனுப்புகிறார்கள். அது தவறு. இரண்டும் தனித்தனி, இரண்டுக்கும் உரிமை உண்டு.

ஆனால் காப்பீட்டில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டே பிரீமியம் கட்டுங்கள். நெல்லுக்கு உங்கள் வயலின் இழப்பைப் பார்ப்பதில்லை. வருவாய்க் கிராமத்தின் சராசரி மகசூலைத்தான் பயிர் அறுவடைப் பரிசோதனை மூலம் கணக்கிடுகிறார்கள். ஊரின் மேட்டு நிலங்கள் நன்றாக விளைந்திருந்தால், பள்ளத்தில் முழுதும் இழந்தவருக்கும் ஒரு பைசா வராமல் போகலாம். தனி வயலுக்கு இழப்பீடு தரும் பிரிவிலிருந்து, வெள்ளம் சூழ்ந்த நெல்லை 2018இல் எடுத்துவிட்டார்கள். 2026 காரீப் (ஜூன் வாக்கில் தொடங்கும்) பருவத்திலிருந்து மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய அரசு அறிவித்திருக்கிறது. உங்கள் மாவட்டத்துக்கும் பருவத்துக்கும் அது பொருந்துமா என்று அந்தப் பருவத்து அறிவிக்கையைப் பார்த்துத்தான் உறுதிசெய்ய வேண்டும். அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் மழையில் நனைந்து கெட்டால் தனி வயலுக்கே இழப்பீடு கேட்கலாம்; 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணில் சொல்லி, புகார் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாலாம் நாள் சொன்னால் எடுக்க மாட்டார்கள்.

வீடு: ஒரு சொல்லில் லட்ச ரூபாய் போகும்

முழுதாக இடிந்த வீட்டுக்குச் சமவெளியில் 1,20,000 ரூபாய், மலைப்பகுதியில் 1,30,000. பகுதி சேதம் என்றால் கான்கிரீட் வீட்டுக்கு 6,500, மண்வீட்டுக்கு 4,000. அதுவும் குறைந்தது 15 சதவீதம் சேதமானால்தான். குடிசைக்கு 8,000. மண்சுவர் எழுப்பி ஓடு வேய்ந்த வீட்டைக் 'குடிசை' என்று எழுதிவிட்டால் ஒரு லட்சத்துக்கும் மேல் அங்கேயே போச்சு. ஓலையோ தார்ப்பாயோ போட்ட தற்காலிகக் கட்டுமானம்தான் குடிசை. வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எந்தப் பிரிவில் எழுதுகிறார் என்று கேட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எழுதாத தாளில் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கவே கூடாது.

மண்சுவர் மழையன்றே விழுவதில்லை. அடிப்பகுதி ஊறி, வெயில் அடித்ததும் வெடித்து, பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சரியும். அதற்குள் 'பகுதி சேதம்' என்று பட்டியல் போயிருக்கும். சுவர் விழுந்த அன்றே படமெடுத்து, தாசில்தாருக்கு மனு கொடுத்து, வட்டார வளர்ச்சி அலுவலகப் பொறியாளரைக் கொண்டு மறு ஆய்வு செய்யக் கேளுங்கள். யாராவது வந்து பார்க்கும்வரை இடிபாட்டை அள்ள வேண்டாம். குழந்தைகளை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியாது என்றால், நாலு பக்கமும் படமெடுத்து, ஊராட்சித் தலைவரிடமோ கிராம உதவியாளரிடமோ காட்டிவிட்டு அள்ளுங்கள்.

புறம்போக்கில் இருக்கும் வீடுகளுக்குச் சிக்கல் அதிகம். அனுமதி பெற்ற கட்டுமானம் என்று அதிகாரி சான்றளிக்க வேண்டும் என்று விதிமுறையே சொல்வதால், அதைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். வாய்வார்த்தையை ஏற்காமல், எழுத்தில் பதில் தரச் சொல்லுங்கள். குடிசைத் தொகைக்கும் பாத்திரம், துணிமணிக்கான தொகைக்கும் அப்போதே தனியாக மனு எழுதிக் கொடுங்கள்.

ஆடு, மாடு, உயிரிழப்பு

கறவை மாட்டுக்கு 37,500 ரூபாய் (மூன்று வரை), ஆட்டுக்கு 4,000 (முப்பது வரை). கால்நடை மருத்துவர் பார்த்துச் சான்று தருவதற்கு முன் புதைத்துவிட்டால் பணம் வருவது கடினம். மாட்டை வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தால், காது வில்லை எண்ணுடன் அன்றே விஏஓவிடமும் கால்நடை மருந்தகத்திலும் எழுதிக் கொடுங்கள். மனித உயிர் போயிருந்தால் காவல் நிலையத்தில் வழக்குப் பதிவும் பிரேதப் பரிசோதனையும் கட்டாயம். துக்கத்தில் இதை விட்டுவிட்டு அடக்கம் செய்த குடும்பங்கள், சாவுக்குக் காரணம் வெள்ளம்தான் என்று நிரூபிக்க முடியாமல் நிற்கின்றன.

பணம் அனுப்பியாச்சு என்றால்

பணம் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்குக்கு வராமல், ஆதாருடன் கடைசியாக இணைந்த கணக்குக்குப் போயிருக்கலாம். எப்போதோ தொடங்கி மறந்துபோன ஜன்தன் கணக்கில் கிடக்கும். வங்கியில் ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

பட்டியலில் பெயரே இல்லை என்றால் விஏஓவிடம் திரும்பத் திரும்பப் போவதில் பயனில்லை. தாசில்தாருக்கு மனு கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பிறகு கோட்டாட்சியர், அடுத்து திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அங்கே தரும் மனு எண்தான் உங்கள் பிடி. கூடவே தாலுகா அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடுங்கள். 'ஏன் தரவில்லை' என்று கேட்டால் மழுப்பலாகத்தான் பதில் வரும். "இன்ன கிராமம், இன்ன சர்வே எண்ணுக்கான சேதக் கணக்கெடுப்புத் தாளின் நகல், ஆய்வு செய்த தேதி, செய்தவரின் பதவி" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள்; அதற்குக் கட்டணம் இல்லை.